ஞானத்தாய் நாற்காலி

தாவாவ்,
பிப்ரவரி 3

என் பெர்லித்தாவுக்கு,

மணிலா நெரிசலில் நீ இன்னும் நசுங்கவில்லை என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் என் கொக்கோவும் சௌக்கியம்.

உன் லிகாயா சாதித்துவிட்டாள்! பொருட்காட்சியில் வில்லாலூஸ் அம்மையார் என் கடைக்கு வந்தார். மணிலாவின் பெரிய ஓட்டல்கள் பலவற்றுக்குக் கொள்முதல் அவர் கையில்தான். என் சாக்லேட்டைக் கடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எங்க ஊர்ச் சூட்டுல மேல வெள்ளை படிஞ்சு பூத்துடாதா?" என்றார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம், வாங்க ஒரு செல்ஃபி!" என்றேன். விசிட்டிங் கார்டு வாங்கினேன். வீடு வந்ததும் ஆன்லைனிலும் நட்பாகிவிட்டேன்.

அவர் வாங்கினால் என் சாக்லேட் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் மழைக்காலத்துக்குள் பூட்டவேண்டியதுதான். அதனால் ஜூனில் என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்று எங்களைப் பிள்ளைகளாக ஏற்கும் ஞானத்தாயாக அவரையே கேட்கப்போகிறேன். மேயரும் வங்கி மேலாளரும் ஞானத்தந்தையாக வரச் சம்மதித்தாயிற்று. பீடத்தருகே ஒரு நாற்காலிதான் பாக்கி. உறவாகிவிட்டால் அப்புறம் என் சரக்கை எப்படித் தள்ளுவார்? "கல்யாணம் எனக்கா, உன் சாக்லேட்டுக்கா?" என்கிறான் மாப்பிள்ளை நோயல். அவனுக்கு வியாபாரம் தெரியாது.

உன்,
லிகாயா

*

மணிலா,
பிப்ரவரி 9

அடி லிகாயா,

அந்த அழைப்பை அனுப்பித் தொலைக்காதே.

மாநாடு நடத்துவதுதான் என் பிழைப்பு. கார்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தை மறந்துபோகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஐந்து நிமிடப் பழக்கத்தில் உறவு கேட்கலாமா? ஞானத்தாயாக அழைத்தால் மறுக்கக் கூடாது, அது மணமக்களுக்கு ஆகாது என்பார்கள் நம் ஜனங்கள். மறுக்க முடியாதவர் என்ன செய்வார்? காணாமல் போவார். எங்கள் மேலாளர் கல்யாண சீசனில் போனையே எடுப்பதில்லை.

அவர் உன்னை ஒரு கேள்வி கேட்டார். நீ பதில் சொல்லாமல் செல்ஃபி எடுத்தாய். எனக்கு ஒரு பெட்டி அனுப்பு. என் மொட்டைமாடி அறை அடுப்புக்குச் சமம், பூக்கிறதா என்று நானே பார்க்கிறேன்.

அன்புடன்,
பெர்லித்தா

*

தாவாவ்,
பிப்ரவரி 20

பெர்லித்தா,

உன் கடிதம் வருவதற்குள் அழைப்பை ஆன்லைனில் அனுப்பிவிட்டேன். அவர் படித்துவிட்டார், அது தெரிகிறது. பதிலைக் காணோம். மறுபடி எழுதினேன். அதையும் படித்தார்.

உனக்குப் பொறாமை. அடுத்தவர்களுக்கு மேடை போட்டே காலம் போகிறதே என்ற எரிச்சல்.

லிகாயா

பி.கு.: பெட்டி வருகிறது. தின்று தீர்த்துவிடாதே.

*

மணிலா,
மார்ச் 14

லிகாயா,

உன் வசவும் கிடைத்தது, பெட்டியும் கிடைத்தது. வசவு வலித்தது. இனி உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஜன்னலோரம் உன் பெட்டி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளை பூத்துவிட்டது, நன்றாகவே. ஆனால் பாலில் போட்டுக் காய்ச்சினால் ருசி துளியும் குறையவில்லை. என் அலுவலகப் பெண்கள் இரண்டாம் கோப்பை கேட்டார்கள். படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அவருக்கு எழுது. முதல் வரியிலேயே ஞானத்தாய் அழைப்பைத் திரும்ப எடுத்துக்கொள், அந்த அம்மா மூச்சு விடட்டும். பிறகு வெள்ளை பூக்கும், ஆனால் பாலில் காய்ச்சினால் ருசி குறையாது என்பதை ஒளிக்காமல் சொல். வேறொன்றும் கேட்காதே.

பெர்லித்தா

*

தாவாவ்,
ஏப்ரல் 2

என் கண்ணே பெர்லித்தா,

நீ சொன்னபடியே எழுதி, உன் படங்களையும் அனுப்பினேன். மறுநாளே அவர் போன் செய்தார்!

"எங்கிட்ட வர்ற வியாபாரிங்க எல்லாரும் பூக்காதுன்னு சத்தியம் பண்ணுவாங்க. பூக்கும்னு படம் பிடிச்சு அனுப்பினது நீங்க மட்டும்தான்" என்றார். காலைப் பானத்துக்கு என் சாக்லேட்டை முதலில் ஒரு ஓட்டலில் வைத்துப் பார்க்கிறாராம். ஆர்டர் கையில் வந்துவிட்டது, பட்டறையைப் பூட்டப்போவதில்லை. மற்ற ஓட்டல்களையும் பிடித்துவிடுவேன், நீ பார்.

போனை வைக்குமுன் அவர், "புருஷனோட சண்டை வந்தா யார் வீட்டுக்கு ஓடுவியோ, அவங்கள ஞானத்தாயா உக்கார வைம்மா" என்றார். நான் மேயர் வீட்டுக்கா ஓடுவேன்? காவல்காரன் உள்ளே விடமாட்டான்.

பாதிரியாரிடம் போய் உன் பெயரைச் சொன்னேன். "உன் வயசுப் பொண்ணா ஞானத்தாய்?" என்று சிரித்தார். "காலேஜ்லேர்ந்து என்னைத் திட்டுறது அவதான், ஃபாதர்" என்றேன். எழுதிக்கொண்டார்.

பொறாமை என்று எழுதிய கைக்கு நானே சூடு போடவேண்டும். அந்தக் கடிதத்தை அனுப்பிய இரவெல்லாம் அழுதேன், உன்னை இழந்துவிட்டேனோ என்று.

பீடத்தருகே நாற்காலி காத்திருக்கிறது. நீ மறுக்கக் கூடாது. அது மணமக்களுக்கு ஆகாது, நீயே எழுதியிருக்கிறாய்.

உன் மகள்,
லிகாயா