புதுக் கட்டர் வந்துவிட்டது, மச்சான்

மச்சான்,

இன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கையை மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை இல்லை. காலை முழுக்க இரும்பு வெட்டும் கட்டரோடு கிடந்தவன் கையில் வெறும் சவர்க்கார வாசம். நம் பழைய கட்டரைத் தொட்டுவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் சோற்றோடு பெட்ரோலும் சேர்ந்துதான் உள்ளே போகும். "நாம செத்தா கொள்ளி வைக்கக் கஷ்டப்பட வேணாம்லா, தீக்குச்சிய கிட்ட காட்டினாலே போதும்" என்பாய். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்று அந்த வாடை இல்லாத கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஈப்போவில் நம் தீயணைப்பு நிலையத்துக்குப் புதுக் கருவிகள் வந்துவிட்டன. பேட்டரியில் ஓடுகிற கட்டர். என்ஜின் கிடையாது, எண்ணெய்க் குழாய் கிடையாது, என்ஜினைக் கிளப்பக் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுபோகும் பாடும் கிடையாது. நசுங்கிய காரின் கதவை வெட்ட வேண்டுமென்றால் ஒரே ஆள் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம். பெட்டியைத் திறந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வருஷக்கணக்கில் வேண்டும் வேண்டும் என்று கேட்டு வந்த பொருள், சந்தோஷப்படாமல் இருக்க முடியுமா? ஆனால் எனக்கு முதலில் வந்தது கோபம். உன் மேல். இது வரும்வரை கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று. இது என்ன நியாயம் என்று கேட்காதே. நியாயம் பார்த்துக் கோபப்படுகிற ஆளா நான்?

உனக்கு நிலையத்தில் வைத்த பெயர் ரேடியோ. சுங்காய் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தோமே, அப்போதே உன் வாய் மூடி நான் பார்த்ததில்லை. அந்த வாய்க்கும் ஒரு வேலை இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் நம் மலாய் சார்ஜன்தான். வண்டிக்குள் ஆள் சிக்கிக்கொண்டால் மற்றவர்கள் இரும்போடு மல்லுக்கட்டுவோம். ஒருவன் மட்டும் உடைந்த கண்ணாடி வழியாகத் தலையை உள்ளே விட்டு, சிக்கியவரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கண் சொருகிவிடக் கூடாது. நாங்கள் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே சார்ஜன் கத்த ஆரம்பித்துவிடுவார், "ரேடியோ மானா? ரேடியோ மானா?" என்று. ரேடியோ எங்கே என்று கேட்கிறாராம். நீ அதற்குள் பாதி உடம்போடு உள்ளே போயிருப்பாய்.

கோப்பேங் சாலையில் அந்தச் சீனப் பெரியவர் ஞாபகம் இருக்கிறதா? கால் இரண்டும் அடியில் மாட்டிக் கிடந்தவரிடம் போய், ஈப்போ காப்பியெல்லாம் ஒரு காப்பியா, பினாங்குக் காப்பிதான் காப்பி என்றாயே. மனுஷனுக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்க வேண்டும். காண்டனீஸில் உன் பரம்பரையையே திட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகும் விரலை நீட்டித் திட்டினார். "கோவம் வந்துருச்சுன்னா ஆளு தூங்க மாட்டாரு மச்சான், அதான் ட்ரிக்கு" என்று நீ என் காதில் சொன்னாய்.

அன்றைக்கு உனக்கு லீவு. கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்குகிற உன் மச்சினனுக்குக் காய்ச்சல் என்று அவன் லோரியை நீ ஓட்டிப் போயிருந்தாய். அது எங்கள் யாருக்கும் தெரியாது. சிம்பாங் பூலாய் மலைச்சாலையில் லோரி ஒன்று சரிவில் இறங்கிவிட்டது, ஓட்டுநர் உள்ளே சிக்கியிருக்கிறார். அழைப்பில் வந்த தகவல் அவ்வளவுதான். ரேடியோ லீவு, இன்றைக்கு யார் பேசுவது என்று போகும் வழியில் சார்ஜன் கேட்டார். நான் பேசுகிறேன் என்றேன். மழை விட்டிருந்தது. கயிற்றைப் பிடித்து இறங்கி, சிதறிக் கிடந்த கோசுகளைத் தாண்டிப் போய், கண்ணாடி வழியே தலையை விட்டேன். உள்ளே நம் நிலையத்து விளையாட்டுச் சட்டை.

"நீயா வந்த?" என்றாய். "ஒனக்குத்தான் பேசவே வராதேடா."

மேலே என்ஜினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாலையில் என்ஜினை வைத்தால் கட்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாய் உன்வரை எட்டவில்லை. அதனால் என்ஜினையே உன் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. ஈரச் செம்மண்ணில் கால் நிற்காமல் அதைத் தூக்கி வருவது என்ன பாடு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்து சேர்ந்தாலும் சாய்வாக வைத்தால் அது ஓடாது. மண்வெட்டியால் சரிவைக் கொத்தி அதற்கொரு சமமான இடம் செய்தார்கள். யார் மேலும் குற்றமில்லை மச்சான். கொத்தியவர்கள் அழுதுகொண்டே கொத்தினார்கள். நீ எதையும் பார்க்க முடியாமல், எல்லாவற்றையும் காதால் கேட்டுக்கொண்டிருந்தாய். என்ஜின் பிடித்தது, அணைந்தது. மறுபடியும் பிடித்தது, அணைந்தது.

"இன்னும் சாஞ்சிருக்கு. நேரா வைக்கச் சொல்லு."

நான் மேலே பார்த்துக் கத்தினேன். பிறகு உன்னிடம் குனிந்து, "இன்னும் அஞ்சு நிமிசம்தான்டா" என்றேன்.

நீ சிரித்தாய். "அஞ்சு நிமிசம்னு நான் எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பேன். என்கிட்டயே சொல்றியா?"

என்ஜின் ஒழுங்காக ஓடத் தொடங்கியபோது உன் கை என் கைக்குள் இருந்தது. கட்டர் இரும்பைக் கடித்தபோதும் இருந்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். தோட்டத்தில் நாம் மீன் பிடித்த ஓடை, உன் கல்யாணத்தில் அறுந்துபோன என் செருப்பு, வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். சார்ஜன் என் முதுகில் கை வைத்து, "சுடாலா, சுடா" என்றார். போதும் என்று சொல்கிறார். எனக்குப் புரியத்தான் செய்தது. நிறுத்தத்தான் தெரியவில்லை.

இன்று காலை புதுக் கருவிகளைத் தொடங்கிவைக்கும் விழாவுக்குக் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். உன் வீட்டுக்காரியை நான்தான் போனில் கூப்பிட வேண்டியிருந்தது. வர முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டே கூப்பிட்டேன். "வாரேண்ணே" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சரிவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தீபாவளிக்குப் போனால் தட்டில் முறுக்கு வைப்பாள், பிள்ளைகள் படிப்பைப் பற்றிச் சொல்வாள், நான் எழுந்து வந்துவிடுவேன். ஆனால் இந்தக் கருவியைக் கண்ணால் பார்த்துவிட்டால் கேட்காமல் இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். கேட்டால் என்ன சொல்வது என்றுதான் ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை.

துவா ஓதினார்கள். பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டினார். ஒரு பழைய காரை நிறுத்தி, கதவை வெட்டிக் காட்டச் சொன்னார்கள். கட்டரைப் பிடித்தவன் நான். மைக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் பேசி முடிப்பதற்குள் கதவு தரையில் கிடந்தது. எல்லாரும் ஆவென்று பார்த்தார்கள். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் கதவைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்ததும் நான் கட்டரை வைத்திருந்த மேசைக்கு வந்தாள்.

"தூக்கிப் பாக்கலாமாண்ணே?"

இரண்டு கையாலும் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "கனமாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஆளு தூக்கிட்டு எறங்கிடலாம்ல?"

"எறங்கிடலாம்மா."

"அன்னிக்கு இது இருந்திருந்தா?"

டாக்டர் சொன்னது, அடிபட்ட இடம், தலைவிதி என்று எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டேன். "பொழைச்சிருப்பானான்னு தெரியாதும்மா. ஆனா கண்ணு தொறந்திருக்கும்போதே வெளிய எடுத்திருப்போம்" என்றேன்.

கட்டரை மேசையில் மெதுவாக வைத்தாள். தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள், "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாராண்ணே?"

சொன்னாய் மச்சான். நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் கண் சொருகியபோது உன் வித்தையை உன்னிடமே காட்டினேன். உன் வீட்டுக்காரி வைக்கிற நெத்திலிச் சம்பலை நாய்கூட மோந்து பார்க்காது என்றேன். உனக்குக் கோபம் வரட்டும் என்றுதான். நீ கண்ணைத் திறந்து, "இரு, சாயங்காலம் வீட்டுக்குப் போயி அவகிட்டயே சொல்றேன். ஒனக்கு இனிமே எங்க வீட்டுல சோறு கெடையாது" என்றாய். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடுவதற்குள் அழுகை வந்துவிட்டது. "அப்ப வீட்டுக்கு வந்துருவோம்னுதான் நெனச்சிருக்காரு. பயப்படலல்ல? அது போதும்ணே. இத்தன வருசமா அவரு பயந்துகிட்டே போயிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். நாளைக்குச் சம்பல் செய்து பெரியவனிடம் கொடுத்தனுப்புகிறேன், நாய் மோந்து பார்க்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னை மிரட்டிவிட்டுப் போனாள்.

ஆமாம், வீட்டுக்கு வருவோம் என்றுதான் நினைத்தான் என்று அவளுக்குத் தலையாட்டிவிட்டேன். ஆனால் நீ அதைச் சொன்னபோது உன் கையைப் பிடித்திருந்தவன் நான். அந்தக் கை எப்படிச் சில்லிட்டிருந்தது என்று எனக்குத் தெரியும். சில்லிட்டால் என்ன அர்த்தமென்று உனக்கும் தெரியும். எத்தனை பேர் கையைப் பிடித்தவன் நீ. எனக்கு உடம்பெல்லாம் உதற ஆரம்பித்திருந்தது, அதை நீ பார்த்துவிட்டாய். சாயங்காலம் வீட்டுக்குப் போவோம் என்று நம்பிச் சொல்லவில்லை மச்சான், எனக்காகச் சொன்னாய். உள்ளே மாட்டிக்கொண்டவன் நான் என்பது போல, கடைசிவரை நீதான் என்னிடம் பேசிக்கொண்டிருந்தாய். இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இது என்னோடேயே இருக்கட்டும்.