இடது கைச் சுற்று

மார்ச் 4, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிறுக்கின மாதிரிதான் வருகிறது. பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலது கை இன்னும் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க மாட்டேன் என்கிறது. தினமும் நாலு வரி இப்படி எழுதிப் பழகச் சொன்னார் டாக்டர். எதை எழுத? என் வயிற்றெரிச்சலைத்தான் எழுத வேண்டும்.

இன்று கடைக்குப் போனேன். நானும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த கடை, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. முப்பது வருஷம் நான் காயில் சுற்றிய மேசையில் யாரோ ஒரு புது ஆள். என் ஸ்டூலில்! தம்பி ஓடி வந்தான். "அண்ணே, நீ முன்னாடி உட்காரு. வர்றவங்களுக்குப் பதில் சொன்னாப் போதும்." நான் என்ன, கடை வாசலில் வைக்கிற பொம்மையா?

மார்ச் 6, வியாழன்

தம்பியிடம் சொல்லிவிட்டேன். "எடது கையால காயில் சுத்தி, அதுல ஒரு மோட்டார் ஓட்டிக் காட்டறேன். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. ஓடலைன்னா மேசைப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"கம்பி நான் தர்றேண்ணே" என்றான். பெரிய மனசு!

மார்ச் 9, ஞாயிறு

என் மனைவி தைக்கும் கைப்பைகளில் வைக்கிற காந்தப் பட்டன்களில் நான்கைப் பிடுங்கிக்கொண்டேன். "ஆர்டருக்கு வாங்கி வச்சது!" என்று கத்தினாள். கத்தட்டும். ஊறுகாய் ஜாடி மூடியின் விளிம்பில் நான்கையும் ஒட்டினேன், ஒரே முகம் வெளியே தெரிகிற மாதிரி. நடுவில் பழைய விசிறியின் பேரிங். பழுதான கதவு அலாரத்திலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்: காந்தம் கிட்டே வந்தால் உள்ளே இரண்டு தகடும் ஒட்டும், போனால் பிரியும். அதுதான் சுவிட்ச். காந்தம் காயிலைத் தாண்டும் நொடியில் மின்சாரம் ஒரு துடிப்பு பாய்ந்து அதை முன்னால் தள்ளும். பிறகு அடுத்த காந்தம். இவ்வளவுதான் மோட்டார்.

மார்ச் 12, புதன்

அவளுடைய காலி நூல் கட்டை ஒன்றில் நானூறு சுற்று. இரண்டு நாள். முந்நூற்றுப் பத்தில் கம்பி நழுவி மொத்தமும் அவிழ்ந்தபோது அந்த நூல் கட்டையைச் சுவரில் எறிந்தேன். பிறகு நானே போய்ப் பொறுக்கி வந்தேன்.

மார்ச் 15, சனி

ஓடவில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தட்டினால் மூடி நன்றாகச் சுற்றுகிறது. பேட்டரியை மாட்டித் தட்டினால் அதைவிடச் சீக்கிரம் நிற்கிறது! இது மோட்டாரா, பிரேக்கா?

"முனையை மாத்திக் குடுத்துப் பாருங்களேன்" என்றாள்.

"முப்பது வருஷத்துல ஒரு தடவை முனை மாத்தியிருக்கேனா? ஆரம்ப முனை சிவப்பு, கடைசி முனை கறுப்பு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நீ உன் தையலைப் பாரு."

மார்ச் 16, ஞாயிறு

தம்பி வந்தான். தட்டினேன், நின்றது. மறுபடி தட்டினேன், நின்றது. அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. தோளில் கை வைத்து, "விடுண்ணே" என்றான். அதில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"மட்டக் கம்பியைக் குடுத்துட்டு விடுண்ணேயா? நான் தோக்கணும்னுதானே குடுத்தே? என்னை மூலையில உட்கார வைக்கணும், அதானே உனக்கு?"

அவள் கொண்டுவந்த காபியைத் தொடாமல் போய்விட்டான்.

மார்ச் 17, திங்கள்

யாரோடும் பேசவில்லை. அவளும் என்னோடு பேசவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

தைத்துக்கொண்டிருந்தவள் தையல் மிஷினின் அடிநூல் பாபினைக் கழற்றி மாற்றினாள். என் காயில் பக்கத்தில்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். பிறகு, கடைக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் நான் வலது கையால் சுற்றி மிச்சம் வைத்த காயில் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து அருகில் வைத்தாள்.

"இது இந்தப் பக்கமாப் போகுது. அது அந்தப் பக்கமாப் போகுது. பாபின்ல நூல் இப்படி மாறினா எனக்கு ஒரு தையல்கூட விழாது."

நான் முறைத்தேன். அப்புறம் என் இடது கையைக் காற்றில் சுற்றிப் பார்த்தேன். வலது கையையும் மெல்லச் சுற்றினேன். ஐயோ. எதிரும் புதிருமாகப் போகின்றன! சுற்று திரும்பினால் காயிலின் முகமும் திரும்பும். தள்ள வேண்டிய காந்தத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. முப்பது வருஷ அனுபவமாம்! நான் ஒரு முட்டாள்.

சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினேன். லேசாகத் தட்டினேன். மூடி பறந்தது. காந்தங்கள் நான்கும் ஒரே கோடாகத் தெரிகிற வேகம். அவள் கை தட்டவில்லை. "போய் உங்க தம்பிகிட்ட சொல்லுங்க" என்றாள்.

மார்ச் 19, புதன்

போனேன். புது ஆள் முன்னாலேயே சொன்னேன். "கம்பி நல்ல கம்பிதான். தப்பு என்மேல. எடது கை மாத்திச் சுத்தும்னு எனக்குத் தெரியலை."

தம்பி தலையை ஆட்டிவிட்டுக் கையிலிருந்த விசிறியைக் கழற்றத் தொடங்கினான். அதிலும் எனக்குக் கோபம்தான். கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

தம்பி வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தான். கடையில் இரண்டு மேசை. புது ஆள் புது மேசையில். என் மேசை சுவரோரம் இருந்தது, ஸ்டூலோடு. வலது பக்கம் நான்கு வெற்றுத் திருகாணித் துளைகள். அங்கிருந்த கம்பி உருளையைக் கழற்றி, என் இடது கைக்கு வாகாக இடது பக்கம் மாட்டியிருக்கிறான். மேலே சுவரில் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'அண்ணன் சுற்றினால்: ஆரம்பம் கறுப்பு, கடைசி சிவப்பு.'

ஊருக்கே தெரிகிற மாதிரி ஒட்ட வேண்டுமா? சுருக்கென்றது. கிழிக்கக் கை போனது. கிழிக்கவில்லை.

இரண்டு விசிறிகளுக்குக் காயில் சுற்றினேன். இன்று இதற்கு மேல் எழுத வராது. கை ஓய்ந்துபோயிருக்கிறது.