நான்காம் எண் குட்டி

தைச்சுங்,
1993 மார்ச் 8

சிங்-ஃபாவுக்கு,

நலம்தானே? பன்றிக்குட்டிகளின் ஏழு நாள் எடைப் பட்டியல் வந்து சேர்ந்தது. மூன்று வருடத்தில் உங்கள் கையெழுத்து மோசமாகிவிட்டது. எடைகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் நான்காம் எண்ணுக்கு நேரே ஒன்றுமில்லை. அது எப்போது செத்தது? எப்படி?

சீம்பாலில் இருக்கும் வளர்ச்சிப் புரதத்தை இரட்டைப்படை எண் போட்ட பால்மாப் பொட்டலங்களில்தான் கலந்திருந்தோம். அதைக் குடித்த குட்டி செத்தது என்றால் பேராசிரியர் ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார். என் பட்டமும் அதோடு போகும். "பன்னிக் குடலக் கழுவத் தெரிஞ்சா போதாதா, அதுக்கு ஒரு பட்டமா?" என்று நான் கிளம்பிய அன்று கேட்டீர்கள். உங்கள் வாக்கு பலிக்கிறது.

உடனே எழுதவும்.

பி-சியா

*

ஹூவெய்,
மார்ச் 11

அன்புள்ள பி-சியாவுக்கு,

யாரும் சாகவில்லை. நீ பன்னிரண்டு குட்டிக்குப் பால்மா அனுப்பினாய், பிறந்தது பதினொன்று. பிறந்து ஒரு மணி நேரம் ஆகாத ஜீவனின் முதுகில், நம் பேச்சில் 'சாவு' என்று காதில் விழுகிற எண்ணை எவன் எழுதுவான்? மூன்றுக்கு அடுத்து ஐந்து எழுதினேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் மாடிகளுக்கே அப்படித்தான் எண் போட்டிருக்கிறார்கள். அங்கே எல்லோரும் படித்தவர்கள்.

அந்த எண் பொட்டலங்கள் மிஞ்சின. எறிய மனம் வராமல் கரைத்து நானே குடித்தேன். பக்கத்துப் பண்ணை ஆ-காய் பார்த்துவிட்டு, "ஏய்யா, பொண்டாட்டி பன்னிக்கு அனுப்புனத நீ குடிக்கிற. உனக்குன்னு ஒண்ணும் அனுப்பலயா?" என்றான்.

ஜீரணம் நன்றாக இருக்கிறது. பட்டியலில் சேர்ப்பதானால், என் எடை எழுபத்தொரு கிலோ.

சிங்-ஃபா

*

தைச்சுங்,
மார்ச் 15

சிங்-ஃபாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பேராசிரியருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அவர் குடியிருப்பது மூன்றாம் மாடி. அவர் தலைக்கு மேல் நடப்பவர்கள் ஐந்தாம் மாடிக்காரர்கள். "சாகலன்னா சரி, பதினொண்ணுன்னே எழுதும்மா" என்றார்.

புரதம் குடித்த ஐந்தும் மற்ற ஆறைவிடக் கனம். அவற்றின் குடல் சத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது என்று நினைக்கிறோம். நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம். பிறந்த குட்டியின் குடல்தான் முதல் ஒன்றிரண்டு நாள் வந்ததையெல்லாம் உள்ளே விடும். பிறகு கதவு மூடிவிடும். ஐம்பது வயதுக் குடலுக்கு அது வெறும் சாப்பாடு.

பி-சியா

*

ஹூவெய்,
மார்ச் 19

அன்புள்ள பி-சியாவுக்கு,

கதவு விஷயம் புரிந்தது. நீ கிளம்பிய அன்றைக்கு நான் சொன்னது தப்பு. எனக்கே இன்னும் அது செரிக்கவில்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதியோடு நீ போய் மூன்று வருடம் முடிகிறது. அடுத்து எத்தனையாவது வருடம் என்று உனக்குத் தெரியும். அந்த எண்ணை நான் எங்கேயும் எழுதுகிறவன் இல்லை.

சிங்-ஃபா

*

தைச்சுங்,
மார்ச் 23

அன்புள்ள சிங்-ஃபாவுக்கு,

ஏப்ரல் முதல் தேதி வருகிறேன். குட்டிகளை எடை போட என்று பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அட்டவணைக்கு அடியில் 'நான்காம் எண் வழங்கப்படவில்லை' என்று குறிப்பும் எழுதிவிட்டேன்.

வாரத்தில் மூன்று நாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாக வேண்டும். மிச்ச நாளெல்லாம் அங்கேதான். மிச்சம் எத்தனை என்று எண்ண வேண்டாம்.

உங்கள்
பி-சியா