திருப்பிச் சொல்லாத வாய்

1984 பிப்ரவரி 5, ஞாயிறு. சாரம்.
சென்னையிலிருந்து ஊருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வீங்கிவிட்டது. விமானப் பயிற்சியில் தனியாகப் பறக்க இந்த முறையும் அனுமதி இல்லை. விமானத்தை இறக்குவதில் குறை இல்லையாம், ரேடியோவில்தான். டவரில் சொல்லும் ஓடுபாதை எண்ணை, உயரத்தை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நம் காதில் சரியாக விழுந்ததா என்று அதை வைத்துத்தான் அவர்களுக்குத் தெரியும். நான் "ரோஜர் சார்" என்று, கேட்டுவிட்டதாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பயிற்சியாளர் தெய்வநாயகம் சார் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "உன் மரியாதை எனக்கு வேணாம்பா. நம்பரச் சொல்லு."

இருபத்தைந்தாம் தேதி கடைசி வாய்ப்பு. தவறினால் உதவித்தொகையோடு என் இடமும் வேறொருவனுக்கு.

பிப்ரவரி 6
எண் ஏன் வாயில் வரமாட்டேன் என்கிறது? எட்டு வயதில் அப்பா சொன்னதைத் திருப்பிச் சொல்லி அறை வாங்கினேன். அதிலிருந்து எதற்கும் "சரிப்பா"தான்.

பிப்ரவரி 12, ஞாயிறு. சாரம்.
அம்மாவை டவராக்கினேன். நான் எழுதிக் கொடுத்த தாளை அடுப்படியில் வைத்துப் படித்தாள். "ரன்வே ஜீரோ செவன். எறங்கலாம்." நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன். "சரி, போலாம்" என்றாள். திருப்பிச் சொன்னது சரியாக இருந்தால் டவர் சொல்லும் பதில்; அதுவும் தாளில் இருக்கிறது.

மில்லிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "பெத்தவளுக்கே பழிப்பு காட்றியா?"

விளக்க வேண்டுமானால் கத்த வேண்டும். முப்பது வருடத் தறிச் சத்தத்தில் அவர் காது போய்விட்டது. அலுப்பாக இருந்தது. "சரிப்பா" என்றேன்.

அவரும் அப்படித்தான். அம்மா எது சொன்னாலும் "சரி". காதில் விழுந்ததா என்று யாருக்கும் தெரியாது. வெல்லம் கேட்டால் சீயக்காய் வரும்.

பிப்ரவரி 19
ஊருக்குப் போகவில்லை. தூங்கினேன்.

பிப்ரவரி 25. மீனம்பாக்கம்.
இறங்கத் திரும்பும்போது ரேடியோவில் ஒரே இரைச்சல். ஓடுபாதை எண் பிடிபடவில்லை. "ரோஜர்" நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, திரும்பச் சொல்லும்படி கேட்டேன். ஓடுபாதையை மாற்றியிருக்கிறார்கள்! எண்ணைத் திருப்பிச் சொன்னேன்.

இறங்கியதும் சார் பெல்ட்டைக் கழற்றினார். "தனியா ஒரு சுத்து போயிட்டு வா."

போய்விட்டு வந்தேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு. சாரம்.
அப்பாவின் காதருகே கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லாவிட்டால் அங்கே நம்பமாட்டார்கள் என்பதையும். "போய் சாப்புடு" என்றார், அவ்வளவுதான். எதை எதிர்பார்த்தேனோ, மனம் சோர்ந்துவிட்டது.

சாயங்காலம் அம்மா பருப்பும் வெல்லமும் சொல்லி அவரைக் கடைக்கு அனுப்பினாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பருப்பு அரக்கிலோ. வெல்லம் கால் கிலோ."

அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சரிங்க, போலாம்" என்றாள்.