தேசிக்காயும் ஒரு வெள்ளைக் கல்லும்

இன்று மத்தியானம் சொதிக்குத் தேசிக்காய் வெட்டினேன். அந்த எலுமிச்சைப் புளி வாசம் மூக்கில் ஏறியதும் சொதி மறந்து போயிற்று. பாதித் தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் மரமாக நின்றேன். உம்முடைய கைப்பையில் எப்போதும் இந்த வாசம்தான். மற்றவர்கள் பவுடர் வைத்திருப்பார்கள். நீர் பொலித்தீனில் சுற்றிய தேசிக்காய்ப் பாதியும் ஒரு ஆணியும் வைத்திருந்தீர்.

யன்னலில் அந்த வெள்ளைக் கல் இருக்கிறது. உம்முடைய செத்தவீட்டு அலுவல்கள் எல்லாம் முடிந்தபின், போன கிழமை உம்முடைய மகள் கொட்டாஞ்சேனையிலிருந்து கொண்டுவந்து தந்தாள்.

"அம்மா இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ, அன்ரி."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை. 'அவவுக்குத் தெரியும்' எண்டு மட்டும் சொன்னவ."

எனக்குத் தெரியாது. அதுதான் வில்லங்கம். நாலு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் என்ன குறைந்தா போயிருப்பீர்?

நாம் சந்தித்ததும் ஒரு கல்லால்தான். நான் கந்தோரால் ஓய்வு பெற்ற புதிது. வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதையைக் கடல் அரிக்காமல் போட்டிருக்கும் பாறாங்கல் ஒன்றில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத நீர் வந்து, "கொஞ்சம் எழும்புவீங்களோ? நீங்க இருக்கிறது கார்னட்டுக்கு மேல" என்றீர். விசர் ஏதும் பிடித்த மனிசியோ என்று பயந்து எழும்பினேன். கல்லில் மாதுளம் முத்துப் போலச் சிவப்பாக நாலைந்து புள்ளிகள் இருந்தன. அடுத்த மாதமே கல் தேடி அவிசாவளைப் பக்கம் பஸ் ஏறினோம். மூன்றாவது பயணத்தில் 'நீங்கள்' போய் 'நீர்' வந்தது.

வீதிக்காக மலையை வெட்டிய இடங்களில் குடையும் கையுமாக நாம் குனிந்து நிற்க, போகிற முச்சக்கர வண்டியெல்லாம் நிற்கும். "மெனிக் த, அக்கே?" மாணிக்கமா என்று கேட்பார்கள். "நே மல்லி, நிக்கங் கல்" என்பீர் நீர். சும்மா கல்தான். ஒருவரும் நம்பியதில்லை. சும்மா கல்லுக்கு ஐம்பது கடந்த இரண்டு மனிசிகள் வெயிலில் காய்வார்களா?

உம்முடைய சட்டம் ஒன்று இருந்தது. தனக்கென்று ஒருவரும் கல் எடுக்கக் கூடாது. நீர் எனக்கு எடுக்க வேண்டும், நான் உமக்கு எடுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். இத்தனை வருடத்தில் நாம் எதையும் திருப்பியதில்லை. நான் உமக்கு முதலில் எடுத்துத் தந்தது ஒரு வெள்ளைக் கல். குவார்ட்ஸ் என்றீர், பொத்திப் பிடித்துக்கொண்டீர்.

இப்போது என் நெஞ்சில் கிடந்து உறுத்துவது புரிகிறதா? யன்னலில் இருப்பது நீர் எனக்கு எடுத்த கல்லா, நான் தந்ததைத் திருப்பி அனுப்பினீரா? ஒரு கல்லின் முகத்தை எத்தனை வருடம் ஞாபகம் வைத்திருப்பது!

கோபம் இருந்திருக்கலாம். நமது வழக்கமான வெட்டில் மண் சரிந்தபின், வலை போட்டு, ஒரு கல்லும் தெரியாமல் முழுதாகச் சீமெந்து பூசிவிட்டார்கள். "நல்லதுதானே, இனிச் சனம் பயமில்லாமல் போகும்" என்றேன். கொழும்பு வரும்வரை நீர் பஸ் யன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தீர். அதன்பின் போன் எடுத்தால், "இப்ப வராதையும், பிறகு சொல்லுறன்" என்ற ஒரே பதில். நோயா, மனத்தாங்கலா என்று கடைசிவரை பிடிபடவில்லை. நோய் என்று தெரிந்தபோது நீர் கதைக்கும் நிலையில் இல்லை.

அதனால் இன்று தேசிக்காயைக் கல்லில் பிழிந்தேன். நுரைத்தால் அது சுண்ணாம்புச் சாதிக் கல். அந்தச் சாதி மாத்தளைப் பக்கத்து வெட்டுகளில் கிடைக்கும் என்று நீர் சொல்லிச் சொல்லி, என் முழங்கால் வலியால் தள்ளிப் போட்டு, நாம் சேர்ந்து போகாமலே விட்ட இடம் அது; அப்படியென்றால் நீர் எனக்கென்று எடுத்தது. நுரைக்காவிட்டால் என்னுடைய குவார்ட்ஸ்தான்.

நுரைக்கவில்லை. புளி வழிந்து யன்னல் கட்டில் சொட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாகப் போகிற நேரத்திலும் திருப்பி அனுப்ப அப்படி என்ன செய்தேன் என்று உம்மைத் திட்டினேன். திட்டும்போதுதான் உம்முடைய குரல் கேட்டது: "சில கல்லு சுரண்டினாத்தான் கதைக்கும்." ஆணியைத் தேடி எடுத்துச் சுரண்டினேன். குவார்ட்ஸில் ஆணி கீறாது. இதில் கீறியது. விழுந்த வெள்ளைத் தூளில் இன்னொரு சொட்டு விட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தால், சின்னச் சின்னக் குமிழிகள். சுண்ணாம்புச் சாதிதான்.

உடனே மகளுக்குப் போன் எடுத்தேன். "அம்மா மாத்தளைக்குப் போனவவோ?"

"ஓம் அன்ரி, ஆஸ்பத்திரியில படுக்க முதல் ஒருக்காத் தனியப் போனவ. உங்களைக் கூப்பிடுங்கோ எண்டனான். 'அவவுக்கு முழங்கால் ஏலாது' எண்டிட்டுப் போயிட்டா."

சந்தோஷப்படுவதா, என்னை விட்டுவிட்டுப் போனதற்குச் சண்டை பிடிப்பதா? அந்த உடம்போடு மலை வெட்டில் எப்படிக் குனிந்தீர்? கோபம் இருந்ததா, இல்லையா? கல் அவ்வளவு தூரம் கதைக்கவில்லை.

சட்டப்படி இனி என் முறை. பின்னேரம் கடற்கரைக்குப் போய், நீர் என்னை எழுப்பிய பாறையடியில் தேடினேன். ஒற்றைச் சிவப்புப் புள்ளியோடு ஒரு கல் சில்லு கிடைத்தது. கடலை விற்கிறவன் எட்டிப் பார்த்து, "மெனிக் த, அக்கே?" என்றான். சும்மா கல் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒருவருக்குக் கொடுக்க எடுத்தது என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அது என் கைப்பையில்தான் கிடக்கிறது, தேசிக்காய்ப் பாதிக்குப் பக்கத்தில். பிடிக்காவிட்டால் திருப்பித் தாரும்.