நீ விட்டுவைத்த கேபிள் வளையம்

தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கழுவியும் விரலிடுக்கில் அந்தப் பசையின் வாசனை போகவில்லை. வெளியில் ஓடும் கேபிளுக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க அடைத்திருப்பார்களே, அந்தப் பசை. மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்த வாசனை என்பேன் நான். "இல்லட்டி, புதுச் செருப்புக் கடை" என்பாய் நீ. சோப்புக்கு முன்னால் எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று கண்டுபிடித்தவளும் நீதான்.

இன்று சீவலப்பேரிப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய கட்டடத்திலிருந்து கணினி அறைக்கு முற்றத்தின் அடியில் கேபிள் இழுத்தோமே, அதே பள்ளிக்கூடம். குழாய்க்குள் தள்ளியது நான். இரண்டு முனைகளிலும் ப்ளக் போட்டது நீ. கறுப்பு உறையில் பிளேடால் லேசாகச் சுற்றிக் கீறுவாய், பிறகு வளைப்பாய். உள்ளே கம்பிகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகட்டில் ஒரு கோடுகூட விழாமல் உறை தானே விட்டுக்கொடுக்கும். தகட்டோடு ஒட்டி ஓடும் அந்த ஒற்றை வெற்றுக்கம்பியை வெட்டி எறியாமல் மடக்கி, ப்ளக்கின் உலோக உடம்பில் பதிய வைப்பாய். வயல் மோட்டார்கள் கேபிளில் கிளப்பும் மின் இரைச்சலைத் தரைக்குக் கொண்டுபோவது அதுதான். கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில், உள்ளே ஓடும் எட்டுக் கம்பிகளுக்கும் எட்டு விளக்குகள் எரிந்ததும் நான் பையைத் தூக்கிவிடுவேன். "நில்லுளா, கடைசி விளக்கு எரியட்டும்" என்று கையைப் பிடித்து நிறுத்துவாய். அந்த ஒன்பதாவது விளக்கு வெற்றுக்கம்பிக்கானது.

அன்று சுவர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நீ கேபிளைச் சுற்றிச் சுற்றி ஒரு வளையமாகக் கட்டிவைத்தாய். நம் முதலாளி அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார்.

"என்னளா, செவுத்துல ஜிலேபி சுத்தி வச்சிருக்கே?"

"பசிச்சா பிச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை; சுவர் நேராக, சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு. எதற்கு இது என்று கேட்டேன். "நாளைக்கு எவளாவது வந்து வெட்டிப் புது ப்ளக் போடணும்னா கைக்கு வயர் வேண்டாமா?" என்றாய். எவனாவது என்று சொல்லவில்லை. அந்த வேலைக்கு மாவட்டத்தில் நம்மைத் தவிர வேறு பெண்களை நான் பார்த்ததில்லை. உன் நினைப்பில் மட்டும் எங்கிருந்தோ ஒருத்தி வந்துகொண்டே இருந்தாள்.

காய்ச்சல் என்று ஊருக்குப் போன நீ அங்கேயே கண்ணை மூடி, இது இரண்டாவது மழைக்காலம்.

தலைமையாசிரியை வாசலிலேயே நின்றிருந்தார். "கம்ப்யூட்டர் ரூமுக்கு நெட்டே வரல்லம்மா. போன வாரம் வந்த தம்பி முழுசையும் உருவிட்டு புதுசு போடணும்னுட்டான். முத்தம் பூரா இப்பதான் கல்லு பாவியிருக்கோம். தோண்டாம முடியாதா?"

"பாக்கேன் டீச்சர்" என்றேன். அவருக்கு முற்றத்தைப் பற்றிய கவலை. எனக்கு வேறு. நீ கைவைத்து, கலைக்கப்படாமல் மிஞ்சியிருப்பது எனக்குத் தெரிந்து அந்த ஒரு கேபிள்தான். மற்ற இடங்களில் எல்லாம் மாற்றிவிட்டார்கள். இதையும் என் கையாலேயே உருவி எறிய வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே ஏணியில் ஏறினேன்.

பெட்டியின் மூடி உடைந்து மழை உள்ளே இறங்கியிருந்தது. ப்ளக் துருப்பிடித்துக் கையோடு வந்தது. பக்கத்தில் தூசி படிந்து உன் ஜிலேபி அப்படியே இருந்தது.

வளையத்தின் கட்டை அவிழ்த்து ஒரு சாண் வெட்டினேன். உள்ளே செம்பு கறுத்திருந்தது. மறுபடி வெட்டினேன், பச்சை பூத்திருந்தது. பசையையும் தாண்டித் தண்ணீர் போயிருக்கிறது. வளையம் சிறுத்துக்கொண்டே வந்தது. கீழே தலைமையாசிரியை, "என்னம்மா, தேறுமா?" என்றார். இன்னொரு சாண் வெட்டிப் பசையைத் துடைத்தேன். செம்பு புதுக்காசு மாதிரி மின்னியது.

அதன்பிறகு அவசரப்படவில்லை. லேசாகக் கீறி, வளைத்து, வெற்றுக்கம்பியை மடக்கி, நிறம் பார்த்து அடுக்கி ப்ளக் போட்டேன். டெஸ்டரின் பெரிய பாதியை இங்கே மாட்டிவிட்டு, மறுமுனைக்கான சின்னப் பாதியைக் கணினி அறைக்குக் கொண்டுபோனேன். அங்கே நீ போட்ட ப்ளக் அப்படியே இருந்தது. சொருகியதும் டிக் என்று உட்கார்ந்தது. திரும்பி வந்து ஏணியில் நின்று விளக்குகளைப் பார்த்தேன். எட்டு எரிந்தன. நின்றேன். ஒன்பதாவதும் எரிந்தது.

"வந்துட்டு டீச்சர்" என்றேன். அவர் முற்றத்துக் கற்களை ஒருமுறை பார்த்துவிட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நீ யாருக்கோ விட்டுவைத்ததை நான்தான் வந்து எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்ல உன் எண் இல்லை. அதனால் இந்த மடல். இப்போதெல்லாம் நான் போடும் ஒவ்வொரு முனையிலும் வளையம் இருக்கிறது. அண்ணாச்சி இன்னும் ஜிலேபி என்றுதான் சொல்லுகிறார்.

உன் வளையத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பெட்டிக்குப் புது மூடி போட்டுவிட்டு, அதைத் திரும்பவும் சுற்றிக் கட்டினேன். இன்னும் ஒருத்தி வந்தால் ஒருமுறை வெட்டிக்கொள்ளலாம்.