அடையாறு வரை ஆடாத தொட்டில்

மாப்பிள்ளை,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். "இந்தத் தொட்டிலில் உங்கள் மகளும் தூங்குவாள், அவள் பிள்ளையும் தூங்கும்" என்று மயிலாப்பூர் மரக்கடை வாசலில் நின்று சொன்னது நான்தான். நீங்கள் சிரித்தீர்கள். நேற்று அதை என் வீட்டு மூலையிலிருந்து இழுத்துத் துடைத்தேன். பழைய வார்னிஷும் தேங்காய் எண்ணெயும் கலந்த அதே வாசனை. உங்கள் மகளுக்குப் பையன் பிறந்திருக்கிறான், நாளைக்குப் பேர் வைக்கிறோம். எட்டாம் வகுப்போடு நின்றவன் வாக்கு பலித்துவிட்டது. ஒத்துக்கொள்ளத்தான் நீங்கள் இல்லை.

அப்போது தொண்ணூறுகளின் தொடக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் நான் சேலை மடித்தேன், நீங்கள் பில் போட்டீர்கள். கடையே என்னை நம்பித்தான் ஓடியது என்பது வேறு விஷயம். என் தங்கச்சி, உங்கள் மனைவி, அடையாறில் ஒரு மாடி அறையில் பச்சைப் பிள்ளையோடு இருந்தாள். முதல் பிள்ளைக்குப் பேர் வைக்கக்கூட நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதனால் இரண்டாவதுக்கு அவள் காற்று அடித்தாலும் பயந்தாள். அன்றைக்கே பேர் வைப்பதாக இருந்தது. தாய்மாமன் சீராகத் தொட்டில் வாங்க நாம் கிளம்பியபோது படி வரை இறங்கி வந்தாள்.

"அண்ணே, வெறுந்தொட்டில ஆட விட்டுராதிய. பிள்ளைக்கு ஆகாது."

"மரக்கட்டைக்கு என்னட்டி தெரியும்?" என்று நீங்கள் கேலி செய்தீர்கள். சகுனம், நேரம் எதையும் நம்பாதவர் நீங்கள். அதைக் கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவரும்கூட.

தொட்டிலைத் தாங்கியிலிருந்து கழற்றித்தான் எல்லாரும் கொண்டுபோவார்கள். பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று, இரண்டு கொக்கிகளையும் கழற்றவே முடியாதபடி அடித்து இறுக்கச் சொன்னது என் மூளை. ஆசாரியும் அடித்துக் கொடுத்துவிட்டார். தாங்கியோடு அது ஆள் உயரம் நின்றது. மூச்சு விட்டால் ஆடியது, விளிம்பில் கட்டிய மணிகள் கிணுகிணுத்தன. எந்த ஆட்டோவிலும் நுழையவில்லை.

"பஸ்ஸில் போவோம். பட்டணத்து பஸ் எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றேன். அடையாறு என்று பலகை போட்ட பஸ்ஸில் ஏற்றியும் விட்டேன். அது அடையாறிலிருந்து வந்துகொண்டிருந்த பஸ். நொச்சிக்குப்பத்தில் கடலைப் பார்த்த பிறகுதான் இறங்கினோம். கடல் காற்றுக்காகத்தான் இந்த வழி வந்தேன் என்றேன். நீங்கள் திட்டவில்லை. "ராகு காலத்துக்கு முன்னால போயிரணும் மச்சான்" என்று மட்டும் சொன்னீர்கள், நேரம் பார்க்காத நீங்கள்.

எதிர்த் திசை பஸ் வந்தது. கண்டக்டர் படியை மறித்தார். "இன்னா நைனா, ஊட்டையே தூக்கிக்கினு வர்ற? எறங்கு, எறங்கு!"

நமக்குப் பின்னால் காலிக் கூடையோடு ஏறிய மீன்காரம்மா விடவில்லை. "கொயந்த படுக்கப் போற தொட்டிலுபா! நீ இன்னா, பொறந்தவொடனே பைய மாட்டிக்கினு விசில் ஊதினியா? ஏத்துய்யா!"

ஏற்றினோம். பஸ் கிளம்பியதும் தொட்டில் ஆடிய ஆட்டத்தில் மணிகள் மொத்தமும் அலறின. முன்சீட்டு மாமி திரும்பிப் பார்த்துப் பதறினார். "ஐயோ, வெறும் தொட்டிலை ஆட்டப்படாது! உள்ளே ஏதாவது போடுங்கோ!"

நான் என் பையைப் போட்டேன்.

"பை போட்டா ஆச்சா? உசிருள்ளதுன்னா வேணும்!"

"டிரைவரப் போட்டுரலாமா மாமி?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் முகம் கறுத்திருந்தது.

அப்போதுதான் மீன்காரம்மா பக்கத்தில் இருந்த தன் மகளின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கித் தொட்டிலில் கிடத்தினார். "தூங்குடா ராஜா!" அடையாறு பாலம் தாண்டும்வரை அது அசையாமல் தூங்கியது. இதை எத்தனை விசேஷத்தில் சொல்லியிருப்பேன்! ஒரு கல்யாணத்தில் அது இரட்டைக் குழந்தையாகக்கூட ஆனது.

வீட்டில் தங்கச்சி தொட்டிலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "வெறுந்தொட்டிலா ஆடுச்சா அண்ணே?" மீன்காரம்மா கதையைச் சொன்னேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முதலில் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டி, பிறகு பிள்ளையைக் கிடத்தினோம். பேர் சொல்லப் பிள்ளையை உங்களிடம் கொடுத்தபோது நீங்கள் இடது கையை நீட்டினீர்கள். "வலது கையால வாங்குங்க!" என்று ஆளாளுக்கு அதட்டினார்கள்.

நேற்று தொட்டிலைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி, பின்னால் நானும் உட்கார்ந்துகொண்டேன். கொக்கி இன்றைக்கும் கழறவில்லை. சிக்னலில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னா பெர்சு, உள்ள கைய வுட்டுக்கினே வர்ற? எதுனா கீதா?"

முழுக் கதையையும் சொன்னேன்.

"யாரு பெர்சு, முன்னப்பின்ன தெரியாதவன் தொட்டில்ல பெத்த கொயந்தயப் போடுவா?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி, மாப்பிள்ளை. அவரிடம் பொய் வரவில்லை. பஸ்ஸில் குழந்தையே இல்லை. மீன்காரம்மா கூடையோடு தனியாகத்தான் வந்தார். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் சட்டைக் கையை மடித்து, வலது கையைத் தோள் வரை தொட்டிலுக்குள் கிடத்தினீர்கள். குலுக்கலில் விலா இடிபட, குனிந்தபடியே அடையாறு வரை நின்றீர்கள். இறங்கும்போது கை துவண்டு தொங்கியது. "மச்சான், இத வெளிய சொல்லிராதீக. கடையில என் மானம் போயிரும். வேற ஏதாவது சொல்லிக்கிடுங்க" என்றீர்கள்.

வேறு ஏதாவது சொல்லிக்கொண்டேன்.

நேற்று நானும் அடையாறு வரை தொட்டிலுக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. எழுத்து கோணலாகத் தெரிந்தால் காரணம் அதுதான், எட்டாம் வகுப்பு இல்லை.